வெக்கை போகும் வழி

ஜனவரி 18, ஞாயிறு

நூல்கடையில் கொடுத்த டைரி. போன வருஷம் வரை பால் கணக்குத்தான் எழுதினேன். இந்த வருஷம் எழுத வேறு விஷயம் இருக்கிறது.

இன்று கட்டில் வந்து இறங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டில், கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு மேலே வரும். எங்கள் லைன் வீட்டு வாசலில் அதை நுழைப்பதற்குள் தூக்கி வந்தவர்கள் பாதி சுண்ணாம்பைப் பெயர்த்துவிட்டார்கள். வீடென்றால் முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு சமையலறை. கட்டிலைப் போட்டபின் ஒருக்களித்துத்தான் நடக்க முடிகிறது. தையல் மெஷினையும் பெஞ்சையும் எடுத்து எதிர்வீட்டு மாடிப்படிக்குக் கீழே போட்டாயிற்று.

என் வீட்டுக்காரர் செங்கோடன், டெய்லர். பள்ளிபாளையத்தில் விசாரித்தால் தெரியும். கடைக்குத் துணி கொண்டு வந்தவர்களைவிடப் பாட்டுக் கேட்க வந்து உட்கார்ந்தவர்கள்தான் அதிகம். தீபாவளித் துணியெல்லாம் தைத்துக் கொடுத்து, இரண்டு வாரத்தில் விழுந்தார். வலது கை, வலது கால், வாயில் வலது பக்கம், மூன்றும் போயிற்று. நாக்கும் புரளவில்லை. ஈரோட்டு டாக்டர், "ஆறு மாசத்துக்குள்ள பேச்சு திரும்ப வாய்ப்பு இருக்கு. பேச்சுக் குடுங்க. அவருக்குப் பிடிச்சதக் கேக்க வைங்க. அதுக்கு மேல தள்ளிப்போனா கஷ்டம்" என்றார்.

அவருக்குப் பிடித்தது அந்தப் பாட்டு செட்டு ஒன்றுதான். கடையிலிருந்து கொண்டுவந்து சுவர் அலமாரியில் வைத்துவிட்டேன். வேறு இடமில்லை. மூன்று பக்கமும் சுவர், முன்னால் கண்ணாடிக் கதவு. அளவெடுத்துத் தைத்ததுபோல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தூசி படாமல் இருக்க நான் பின்னிய பூத்துணியை மேலே போர்த்தி, அதன்மேல் டிவிடி பெட்டியை வைத்தேன். பார்க்க லட்சணமாக இருக்கிறது.

ஜனவரி 21, புதன்

காலை எழுந்ததும் பாட்டு. கஞ்சி கொடுக்கும்போது பாட்டு. உடம்பு துடைக்கும்போதும் பாட்டு. மாத்திரைக்கு நேரம் தவறலாம், இதற்குத் தவறக்கூடாது. பத்தியத்தில் பாதிக் கிணறு தாண்டுகிற வேலை எனக்குத் தெரியாது.

மத்தியானம் செட்டு தானாக நின்றுவிட்டது. தொட்டேன், தோசைக்கல் மாதிரி இருந்தது.

ஜனவரி 24, சனி

ஜமால் பாய் வந்தார். இந்த செட்டை உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னக்கா இது, கோடைக்குக் கம்பளி போத்தி வெச்சிருக்கீங்க?"

பூத்துணியை எடுக்கச் சொன்னார். டிவிடி பெட்டியையும் இறக்கச் சொன்னார். செட்டுக்குள் சீப்புப் பல் மாதிரி அலுமினியத் தகடு இருக்கிறதாம், சூடு அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டுமாம். மேலே ஒரு சாண், பக்கத்துக்கு நாலு விரல் இடம் விடவேண்டும், அடியிலும் காற்றுப் போகவேண்டும் என்றார். வெக்கை போக வழியில்லாவிட்டால் கருகிப்போகாமல் இருக்கத் தானே அணைந்துகொள்ளும்படி அவர்தான் வைத்திருக்கிறார். "நிக்கறது கோளாறு இல்லக்கா. அது தப்பிச்சுக்கற வழி."

அடியில் வைக்க நாலு காலி பாபின் கொடுத்தேன். தறிக்குடோனில் முப்பது வருஷம் வேலை பார்த்ததற்கு மிச்சம் அதுதான். செட்டு இப்போது பெஞ்சு மேல் ஏறிய பிள்ளை மாதிரி நிற்கிறது.

போகும்போது வாசலில் திரும்பி நின்று ஏதோ சொன்னார். முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு பேசினால் யாருக்கு என்ன தெரியும். "என்னங் பாய்?" என்றேன். திரும்பி, "வால்யூம் ஏன் இவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்றார். அவருக்காகத்தான் என்றேன். பக்கவாதத்தில் காதும் மந்தப்பட்டிருக்காதா.

பிப்ரவரி 3, செவ்வாய்

குக்கரில் விசில் வருவதில்லை. புது வெயிட் வாங்கிப் போட்டேன், அதிலும் வரவில்லை. சோறு அடிப்பிடித்துக் கருகியது. இப்போது வருகிற சாமானெல்லாம் இந்த லட்சணம்தான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

உடற்பயிற்சி கொடுக்கிற பெண் வாரம் இருமுறை வருகிறாள். கெட்டிக்காரி. முகத்தில் மாஸ்க் போட்டபடியே பேசுவாள், வாய்க்குள்ளேயே பேசுகிற பழக்கம் வேறு. இன்று அவர் காலை மடக்கி நீட்டிவிட்டு என்னிடம் நிறையச் சொன்னாள். கண் சிரித்தது, ஆகவே நல்ல சேதிதான். நானும் சிரித்துத் தலையாட்டி வைத்தேன். காபி குடிக்காமல் போய்விட்டாள்.

தறிக்காரிகளான எங்களுக்கு இந்த மாஸ்க் ஒரு தண்டனை. குடோனில் முப்பத்தாறு தறி ஒன்றாக ஓடும்போது கத்தினாலும் கேட்காது. நானும் பாவாயியும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நின்று உதட்டை மட்டும் அசைத்து ஊர்க்கதை முழுக்கப் பேசுவோம். முதலாளி நடுவில் நிற்பார், அவரைப் பற்றியே பேசுவோம், அவருக்குத் தெரியாது. இன்றும் யாருடைய உதட்டைக் காட்டினாலும் அட்சரம் பிசகாமல் சொல்லுவேன்.

அவருடைய உதட்டை மட்டும் படிக்க முடியவில்லை. ஒரு பக்கம் செத்துக் கிடக்க, மறுபக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு கோணுகிறது. சத்தம் வருவதில்லை. காற்றுதான் வருகிறது.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று சந்தோஷம். பாட்டு ஓடும்போது அவர் உதடு அசைகிறது. கூடவே பாடுகிறார். இடது கையால் கட்டில் கம்பியில் தாளமும் போடுகிறார், பலமாக, விடாமல். என்னைப் பார்க்கிறார், செட்டைப் பார்க்கிறார், மறுபடி தாளம். கண்ணில் தண்ணீர். நான் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

சாயந்திரம் சூடேறி நின்றுவிட்டது. பாபின் வைத்தும் போதவில்லை. நின்றதும் அவரும் தூங்கிவிட்டார். தாளம் போட்ட களைப்பு.

பிப்ரவரி 26, வியாழன்

எதிர்வீட்டு வாத்தியார் வந்தார். பேத்திக்குப் பரீட்சையாம், சத்தத்தைக் குறைக்க வேண்டுமாம்.

"டாக்டர் சொல்லித்தானுங் வெச்சிருக்கறேன்" என்றேன்.

"இத்தன சத்தமா வெக்கச் சொன்னாரு? எங்கூட்டுப் பாத்தரமெல்லாம் அதுருதுங்க."

வீட்டுக்காரர் வாய் பேச முடியாமல் கிடக்கிறார், மருந்துக்குச் சமம், மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று விலாவாரியாகச் சொன்னேன். சொன்னதையே திரும்பச் சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கதவைச் சாத்திவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

செட்டு இன்று இரண்டு முறை நின்றது. டாக்டர் சொன்ன ஆறு மாசத்தில் நாலு போய்விட்டது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அலுமினியப் பல்லுக்கு நடுவே பஞ்சு. இந்த ஊரில் காற்றிலேயே பஞ்சு, மனுஷன் நுரையீரலை விடுவதில்லை, செட்டை விடுமா. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தறி துடைக்கிற பிரஷ்ஷால் சுத்தம் பண்ணினேன். திரி திரியாக வந்தது. என் குனிந்த முதுகு அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்திருக்கும். திரும்பிப் பார்த்தபோது வாய் அசைந்துகொண்டிருந்தது. பாட்டே ஓடவில்லை, அப்போதும் பாடுகிறார் பாவம். "இருங், இதோ போட்டர்றேன்" என்றேன்.

மகள் வினோதினி போன் பண்ணினாள். ஓசூரில் டவர் சரியில்லை, ஒரு எழவும் கேட்பதில்லை. வீடியோவில் வரச் சொன்னேன். அதில் தெளிவாக இருக்கிறது. அவளுக்கு வயிற்றில் ஏழு மாசம், டாக்டர் நடக்கவே வேண்டாமென்கிறாராம். அப்பாவைப் பார்க்க வர முடியவில்லையே என்று அழுதாள். "வந்து என்ன பண்ணப் போறே, நான் இருக்கறேன்ல" என்றேன். அப்பாவைக் காட்டினேன். "பாட்டக் கொறம்மா, அப்பா என்னமோ சொல்றாரு" என்றாள். பாடுகிறார் என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஜமால் பாய் சின்ன ஃபேன் இரண்டு கொண்டுவந்தார். கம்ப்யூட்டருக்குள் இருக்குமே, உள்ளங்கை அகலம். கண்ணாடிக் கதவின் மேல்பாதியைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு பலகையை வைத்து, இரண்டையும் பொருத்தினார். கீழ்ப்பாதியில் இரண்டு விரல் இடைவெளி. குளிர்ந்த காற்று கீழே நுழையும், சூடான காற்றை மேலே ஃபேன் வாரி வெளியே தள்ளும். பின்னால் சுவர், மேலே காங்கிரீட்டு, ஆகவே வெக்கைக்கு முன்பக்கம் விட்டால் வேறு வழியில்லை என்றார். நல்ல யோசனை. நானாக இருந்தால் எத்தனையோ நாள் முன்பே பண்ணியிருப்பேன்.

"பழைய ஃபேன்க்கா, கொஞ்சம் இரையும். தொந்தரவா இருந்தாச் சொல்லுங்க, மாத்தித் தர்றேன்."

ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு இரைச்சலும் இல்லை. பாய் வீணாகத் தன் சாமானையே குறை சொல்கிறார்.

"கட்டில மட்டும் திருப்பிப் போட்ருங்க. அண்ணன் தலைக்கு நேரா வருது பாருங்க" என்றார். அதுவும் சரிதான். ஆனால் படுக்கைப் புண் வராமல் இருக்கப் போட்ட காற்று மெத்தையின் மோட்டாருக்கு இந்தப் பக்கம்தான் பிளக். ஒயர் நீட்டித்தான் திருப்ப வேண்டும். எலக்ட்ரீசியன் வருகிறேன் என்றிருக்கிறான்.

மார்ச் 27, வெள்ளி

செட்டு நிற்பதேயில்லை. காலையில் போட்டால் விளக்கு வைக்கிற நேரம் வரை ஓடுகிறது. தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஜெயித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

எலக்ட்ரீசியன் வரவில்லை.

ஏப்ரல் 4, சனி

வெயில் கொளுத்துகிறது. அவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது, தலையணை உறை நனைந்துபோகிறது. காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தேன், நெற்றி சுட்டது. மாத்திரை கொடுத்தேன். ஈரத்துண்டு போட்டுத் துடைத்தபோது கையைப் பிடித்துக்கொண்டு வாயைக் கோணிக் கோணி அசைத்தார். "பேச்சு வந்துரும், அவசரப்படாதீங்" என்றேன். கையை விட்டுவிட்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

கழுத்திலும் காதோரத்திலும் வேர்க்குரு. சந்தனம் அரைத்துப் போட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. பாயசம் வைத்து ஒரு கரண்டி ஊட்டினேன். முன்போலத் தாளம் போடுவதில்லை. வாயையும் அசைப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அமைதியாகக் கேட்கிறார். ஆரம்பத்தில் இருந்த படபடப்பு போய்விட்டது. மனசு அடங்கியிருக்கிறது, நல்லதுக்குத்தான்.

ஆனால் பேச்சு வரவில்லை. அடுத்த மாசத்தோடு கெடு முடிகிறது. அவர் கடையில் உட்கார்ந்து, "அமராவதி, அந்த நீல நூல்கண்டு எங்க வெச்சே?" என்று கேட்பாரே, அந்த மாதிரி ஒரு சாதாரண வார்த்தை போதும் எனக்கு. சண்டைக்காகவாவது ஒரு வார்த்தை.

ஏப்ரல் 22, புதன்

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

பாவாயி வந்தாள். குடோனை விட்டு மகனோடு பெருந்துறைக்குப் போய் இரண்டு வருஷம் ஆயிற்று. காதுக்குப் பின்னால் பீன்ஸ் விதை மாதிரி ஒன்று மாட்டியிருந்தாள். என்னடி நகை புதுசா என்றேன். காது மெஷின் என்றாள். மகன் கட்டாயப்படுத்தி மாட்டிவிட்டானாம். "உனக்கென்னடி கேடு, நல்லாத்தானே இருந்தே?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "அதக் கொறச்சு வையி, மண்டை வெடிக்குது" என்று உதட்டால் சொன்னாள். விருந்தாளி ஆயிற்றே என்று நன்றாகவே குறைத்தேன்.

அவள் அவர் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நான் காபி போட உள்ளே போனேன்.

டம்ளரோடு திரும்பி வந்தபோது பாவாயி அவர் பக்கம் குனிந்திருந்தாள். முகம் பக்கவாட்டில் தெரிந்தது. "ஆமாங்ணா, தாங்க முடியாத வெக்கதானுங்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "எத்தன நாளாச் சொல்றீங்?" என்றாள். மறுபடி நிறுத்தி, "அய்யோ சாமி" என்றாள்.

யாரோ கேட்பதற்குப் பதில் சொல்கிறவள் மாதிரி இருந்தது. அறையில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருமில்லை.

"யாருகிட்ட பேசற?" என்றேன்.

"அண்ணங்கிட்டத்தான்."

"அவருக்குத்தான் பேச்சு வராதே."

பாவாயி என்னை நேராகப் பார்த்தாள். குடோனில் பேசுகிற மாதிரியே, ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் வைத்துச் சொன்னாள். "பேசறாரு அமராவதி. கொளகொளன்னுதான் வருது. ஆனா நல்லாப் பேசறாரு. அந்த ஃபேன் காத்து மூஞ்சில அடுப்பாட்ட அடிக்குதுன்னு ஒரு மாசமாச் சொல்றாராம். பாட்ட நிறுத்துன்னு தையிலருந்து சொல்றாராம். நீ காதுல போட்டுக்கறதில்லயாம்."

நான் அவர் முகத்துக்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தேன். வைத்த இடத்தில் வெக்கை அடித்தது, பஸ் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தால் அடிக்குமே அப்படி. ஐந்து வாரமாக அவர் அதில் வெந்திருக்கிறார். செட்டு குளிர்ந்து கிடக்கிறது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பாவாயியைப் பார்த்து வாயை அசைத்தார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒரு பொட்டுக்கூட.

"என்ன சொல்றாரு?"

"தண்ணி கேக்கறாரு."

ஏப்ரல் 23, வியாழன்

செட்டை அணைத்தேன். ஃபேனையும் அணைத்தேன். இரண்டும் அணைந்ததில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

கட்டிலைத் திருப்பிப் போட்டாயிற்று. எலக்ட்ரீசியனுக்காகக் காத்திருந்தது என் முட்டாள்தனம். கூடவே தங்கிவிட்ட பாவாயி பக்கத்து வீட்டில் ஒரு நீட்டு ஒயர் வாங்கி வந்தாள், அரைமணி நேர வேலை.

பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். மாஸ்கைக் கழற்றிவிட்டுப் பேசு தாயி என்றேன். கழற்றினாள். அழகான வாய். "பிப்ரவரில இருந்தே அங்கிள் பேசறாரும்மா. அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனே, நீங்ககூட சந்தோஷப்பட்டுச் சிரிச்சீங்களே. பாட்ட மட்டும் கொறைங்கம்மா, அவருக்கு எரிச்சலா இருக்குன்னும் சொன்னேன்" என்றாள்.

நான் சிரித்தேன்தான். தலையாட்டினேன்தான்.

அவள்மேல் கோபம் வந்தது. தலையாட்டியவள் கையைப் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டாமா? பாவாயிமேல் கோபம் வந்தது, போன மாசமே வந்திருக்கக் கூடாதா? கடைசியில் அவர்மேலும் வந்தது. இடது கை நன்றாகத்தானே இருக்கிறது, ஒரு டம்ளரை எடுத்து என் தலைமேல் எறிந்திருக்கலாம். அப்புறம் அந்தத் தாளம் நினைவுக்கு வந்தது. கோபப்பட ஆளில்லாமல் போயிற்று. சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். சத்தமாக அழுதேனா என்று எனக்குத் தெரியாது. பாவாயி ஓடி வந்தாள், ஆகவே சத்தமாகத்தான் இருந்திருக்கும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

ஈரோட்டில் காது பார்த்தார்கள். ஒரு கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் கண்ணாடி வழியாக அந்த ஆளின் கையைப் பார்த்துப் பார்த்துத் தூக்கிக்கொண்டிருந்தேன். அவர் கண்டுபிடித்து என்னைத் திருப்பி உட்காரவைத்தார். அதற்குப் பிறகு தூக்கவேயில்லை.

இரண்டு காதும் போய் வெகுநாள் ஆகிறதாம். "எப்படிம்மா இத்தன நாள் தெரியாம இருந்தீங்க?" என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், எனக்குக் கேட்டது என்று சொன்னேன். மெஷினுக்கு அளவெடுத்திருக்கிறார்கள். ஓரளவு கேட்குமாம். வந்ததும் மெசேஜ் அனுப்புவார்களாம்.

ஏப்ரல் 30, வியாழன்

நான் பேசினால் அவர் பதில் சொல்வதில்லை. பாவாயியிடம்தான் சொல்கிறார், அவள் என்னிடம் திருப்பிச் சொல்கிறாள். கல்யாணமாகி முதல் மாதம் என் மாமியார் இப்படித்தான் மூன்றாம் ஆளை வைத்துப் பேசினார்.

காலைப் பிடித்துக்கொண்டு, தப்புத்தானுங், மனசுல வெச்சுக்காதீங் என்றேன். ஏதோ சொன்னார். பாவாயி, "செரி உடுங்கறாரு" என்றாள். அவ்வளவு நீளமாகச் சொன்னது அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றாள். பாவாயி பொய் சொல்லும்போது கண் சிமிட்டும்.

மே 2, சனி

பாவாயி ஒரு வழி சொன்னாள். குடோனில் சேர்ந்த புதிதில் எனக்கு உதடு படிக்கக் கற்றுத் தந்தது அவள்தான். "நேரா இருக்கற வாயப் படிச்சவளுக்குக் கோணல் வாயி எத்தன நாளு? அதையும் படி" என்றாள்.

அவர் ஒரு வார்த்தை சொல்வார், அவள் அதையே எனக்குச் சொல்வாள். மறுபடி அவர் சொல்ல, நான் அவர் வாயைப் பார்ப்பேன். முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு, எனக்காக இல்லை, பாவாயிக்காகச் சொன்னார். தண்ணி. வலி. திருப்பு. சோறு. இடது ஓரம் மட்டும் பார்க்கவேண்டும், வலது பக்கத்தைப் பார்த்தால் குழம்பிவிடும். 'ப' வரும்போது உதடு முழுக்க மூடாது, காற்றுக் கசியும், கன்னம் உப்பும்.

இன்று நாலு வார்த்தை. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படிப் படித்ததில்லை.

மே 6, புதன்

பாவாயி ஊருக்குப் போய்விட்டாள். மகன் வீட்டில் எத்தனை நாள் பொறுப்பார்கள்.

இப்போது வேண்டியதைக் கேட்கிறார், புரிகிறது. தப்பாகச் சொன்னால் கண்ணை மூடித் திறப்பார், மறுபடி சொல்லுவார். இன்று காலை "உப்பு" என்றார். உப்புமாவில் உப்பு இல்லையாம். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. சரிபாதி வாயால் சிரித்தார். நான் ஓடிப்போய் உப்பு எடுத்து வந்து, வழியில் நின்று அழுதுவிட்டு, பிறகு போட்டேன்.

ஜமால் பாய் வந்து செட்டைக் கழற்றி எடுத்துப்போனார். விற்கட்டுமா என்றார். அவரைக் கேட்டேன். "குடு" என்றார். ஒரே முறையில் படித்தேன்.

மே 10, ஞாயிறு

வெயில் தாங்கவில்லை. வாசல் கதவுக்கு ஈரச் சாக்கு கட்டியிருக்கிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, வாய் துடைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். மாத்திரைப் பட்டையைக் கையில் எடுத்தேன்.

அவர் என் முந்தானையைப் பிடித்தார். வாயைப் பார் என்று கண்ணால் காட்டினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, இடது ஓரத்துக்கு நேராக உட்கார்ந்தேன். நிதானமாக, எனக்கு வசதியாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

இதுவரை ஒற்றை வார்த்தைதான். முழுதாக ஒரு பேச்சு இன்றுதான். பாவாயி இல்லாமல் நானாகவே படித்தேன்.

"மாத்தர வேண்டாம் அம்மிணி. நாளைல இருந்து எதுவும் குடுக்காத. போதும். நான் போயர்றேன்."

தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். இன்னும் நிதானமாகச் சொன்னார். முதல் தடவையே சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

நான் காதைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினேன். "புரியலீங்" என்றேன். "பாவாயி வரட்டும், அவளக் கேட்டுக்கலாம்."

அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். படிக்கிற பார்வை. பிறகு வாயைத் திறந்தார், நான் மாத்திரையை வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

சாயந்திரம் செல்லில் மெசேஜ், காது மெஷின் தயார், வந்து மாட்டிக்கொள்ளவும் என்று. வினோதினிக்கும் போயிருக்கிறது போல, உடனே வீடியோவில் வந்துவிட்டாள். "நாளைக்கே போயி மாட்டிக்கம்மா. இனிமே அப்பா பேசறதெல்லாம் உனக்குக் கேக்கும்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அவசரமில்லை கண்ணு, வெயில் தாழட்டும் என்று சொல்லிவிட்டேன்.